பச்சைப் புடவை அறிவிப்பு

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே இதைச் சொல்கிறேன். கல்லூரி மேடைகளில் தனிமனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசி நான் வென்ற கோப்பைகள் ஓர் அலமாரியை நிறைக்கும். அந்தக் குரலை நம்பித்தான், பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் மைக்செட் கட்டும் சேகர் அண்ணன் என்னை அறிவிப்பாளனாக வைத்துக்கொண்டார்.

வேலை எளிது. உடன் வந்தவரைத் தவறவிட்டவர்கள் எங்கள் பந்தலுக்கு வருவார்கள். பெயர், வயது, ஊர், உடையின் நிறம் ஆகிய நான்கையும் ஸ்லிப்பில் எழுதி மூன்று முறை படிப்பேன். பாதை முழுவதும் ஹார்ன் ஒலிபெருக்கி கட்டியிருப்பதால் என் குரலுக்கு எவரும் தப்ப முடியாது. ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்கலாம் என்று இரண்டாண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகல் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் வந்தார். மனைவி காஞ்சனா, வயது ஐம்பத்திரண்டு, பச்சைப் புடவை. "எப்பவும் பின்னாடியே வருவா சார், இன்னிக்கி காணோம்" என்றார். ஸ்லிப்பில் இல்லாத வரியொன்றை நானே சேர்த்து முழங்கினேன்: "தங்கள் கணவர் கண்ணீருடன் காத்திருக்கிறார்." அவரோ என் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அரை மணியில் காஞ்சனா அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். அடி அண்ணாமலை அருகே புடவை நிறத்தைக் கண்ட இரு பெண்கள், கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். வலம் பாதியில் முறிந்துவிட்டது.

"காலைலயே சொன்னனே, இன்னிக்கி தனியா நடக்கறேன்னு" என்றார் கணவரிடம். "இருபது வருஷமா உங்க முதுகப் பாத்துக்கினே சுத்தினேன். ஒரு தபா மலையப் பாத்துக்கினு போலாம்னு நெனச்சேன்."

கணவர் என்னைப் பார்த்தார். "சொன்னா சார். பழக்கம். திரும்பிப் பாத்தா ஆள் இல்ல, கை கால் ஓடல."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நான் தொலையல தம்பி. நீதான் தொலைச்சிட்ட."

கணவர் பழக்கத்தால் தேடினார். நான் பழக்கத்தால் படித்தேன். நடந்துகொண்டிருந்தவரின் விருப்பத்தை எங்கள் இருவரில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அம்மாள் முதலிலிருந்து நடக்க ராஜகோபுரத்தை நோக்கிக் கிளம்பினார். கணவரும் எழுந்தார். "உக்காருங்க. டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு அம்மாள் திரும்பாமல் நடந்தார். கணவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் யாராவது அம்மாளைப் பிடித்து நிறுத்துவார்களே என்று, "இனி விசாரிச்சிட்டுத்தான் படிப்பேன்" எனச் சொல்லி நான் மைக்கை எடுத்தேன். சேகர் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "எழுதினதப் படிக்கறதுதான்டா உன் வேலை. ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக்கினு இருந்தா இன்னிக்கி வேலை ஆவுமா?"

நான் மைக்கைத் தரவில்லை. ஸ்லிப்பும் இல்லாமல், பாதை முழுவதும் கேட்கும்படி பேசினேன்.

"பச்சைப் புடவை அணிந்த அம்மையாரைப் பற்றிய அறிவிப்பு என் பிழை. அவர் தொலையவில்லை, தம் விருப்பப்படி நடக்கிறார். அவரை யாரும் நிறுத்த வேண்டாம். 'சொல்லிவிட்டுத்தான் போனாரா?' என்று கேட்காமல், இனி இந்த மைக்கில் எவர் பெயரையும் அழைக்க மாட்டேன்."