அலைத் தொட்டிக்கு முன்னால் கேட்ட கேள்வி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நடத்தும் அறிவியல் காட்சிக்கூடத்தில் விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. இயற்பியல் படித்தவள். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு கருவியாக இயக்கிக் காட்டுவேன். அவர்கள் ஆச்சரியப்பட்டுக் கை தட்டினால் அன்றைய வேலை நன்றாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது அலைத் தொட்டி. ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, பாதி வரை தண்ணீர், ஒரு முனையில் கைப்பிடி. கைப்பிடியை அசைத்தால் அலை கிளம்பி மறுமுனைக்கு ஓடும். நடுவில் ஒரு தக்கையை மிதக்க விட்டு, "அலை இதை இழுத்துட்டுப் போயிருமா?" என்று கேட்பேன். போயிரும் என்று எல்லாரும் கத்துவார்கள். அலை கடந்து போகும். தக்கை ஏறி இறங்கி அங்கேயே நிற்கும். பிள்ளைகளின் வாய் திறந்தபடி இருக்கும். பேச்சில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

ஓர் ஆடி மாதம் கூடங்குளத்துக்கு அந்தப் பக்கமுள்ள கடற்கரை ஊரிலிருந்து ஒரு பள்ளி வந்தது. துணைக்குச் சில தாய்மாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் அடுத்த அறைக்கு ஓடிய பிறகும் ஒரு பெண் மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறாம் வகுப்பு மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், கடல்லயும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. அலைதான் போகும், தண்ணி போகாது."

"அப்போ விழுந்தது விழுந்த எடத்துலயே கெடக்குமோ?"

"அங்கனயேதான் நிக்கும்" என்றேன் சிரித்தபடி. அடுத்த கூட்டம் வாசலில் காத்திருந்தது. என்ன விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் காட்சிக்கூடத்துக்கு வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. அலைத் தொட்டி எது என்று விசாரித்து நேரே என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, எங்க மயினிகிட்ட கடல்ல விழுந்தவன் அங்கனயே இருப்பான்னு சொன்னது நீதானா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் இவருடைய அண்ணன். பள்ளிக்கூடம் இங்கே வருவதற்கு மூன்று வாரம் முன்னால் தொழிலுக்குப் போன இடத்தில் வள்ளத்திலிருந்து தவறி விழுந்துவிட்டார். ஊரே நாலு நாள் தேடிவிட்டுக் கரையேறிவிட்டது. மகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறாளே என்றுதான் ஆசிரியை இருவரையும் வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார். இங்கிருந்து திரும்பிய நாள் முதல் அவர் மயினி கடற்கரையில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்களை எல்லாம் கெஞ்சியிருக்கிறார். அலை கொண்டுபோகாதாம், படித்த பிள்ளை சொல்லிச்சு, விழுந்த இடத்துக்கே போய்ப் பாருங்க என்று.

"ஆடிக் காத்துல எவன் போவான்? அவ அழுகையைப் பார்க்க மாட்டாம நான் போனேன். வள்ளம் கவுந்துட்டு. கூட வந்தவன் இழுத்துப் போடலைன்னா அவ வீட்டுல ரெண்டு எழவு." அவர் குரல் உயரவேயில்லை. "கடல்ல நீவாடுன்னு ஒண்ணு இருக்கும்மா. தண்ணி தானா ஓடும். அன்னைக்கே எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கும். இது படிச்ச ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். நீரோட்டத்தைப் பற்றித் தேர்வே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் கேட்ட நேரத்தில் என் நினைவில் தொட்டி மட்டும்தான் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தாங்கியபடி வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் வீடு. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு உள்ளே உட்காரவைத்தார். நான் சொன்னது தவறு என்றேன். தொட்டியில் நீரோட்டம் கிடையாது, கடலில் உண்டு, அதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"கடக்கரையில பொறந்தவளுக்கு நீவாடு தெரியாதா டீச்சர்? எல்லாம் தெரியும். ஆனா அந்த மூணு வாரமா போயிட்டான், போயிட்டான்னுதான் எல்லாரும் சொன்னாவ. நீ ஒருத்திதான் அங்கனயே இருக்குன்னு சொன்ன. அதைப் பிடிச்சிக்கிட்டேன்."

பிறகு, "எங்கொழுந்தன் கை ஒடிஞ்சதுதான் மனசு தாங்கல" என்றார்.

காட்சிக்கூடப் பொறுப்பாளரான பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியின் ஓரத்தில் சிறு மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டோம். கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கொழுந்தனையே அழைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். "மேல ஒரு பக்கம் ஓடும், அடியில வேற பக்கம் ஓடும். இதுல அது இல்லியே" என்றார். பேராசிரியர் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் சொன்னபடி தொட்டியைத் திரும்பவும் மாற்றினோம். இன்று யாராவது கேள்வி கேட்டால், பதிலுக்கு முன்னால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன். கூட்டம் காத்திருந்தாலும் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் கணவர் கிடைக்கவேயில்லை. ஐப்பசியில் அந்தப் பெண் ஒருவழியாகச் சம்மதிக்க, உடல் இல்லாமலே அடக்கப் பூசை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். பெட்டிக்குள் அவருடைய வேட்டியும் சட்டையும் செபமாலையும் இருந்தன. நான்கு பேர் தூக்கினார்கள். கனமே இல்லாததால் மிக வேகமாக நடந்தார்கள். மகள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மறு வருஷம் அதே பள்ளி வந்தபோது வரிசையில் அந்தப் பெண்ணைத் தேடினேன். தாயும் மகளும் திசையன்விளைக்குப் போய்விட்டதாக ஆசிரியை சொன்னார். தாய்க்கு அங்கே ஒரு துணிக்கடையில் வேலையாம். கடல் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்து வீடு எடுத்திருக்கிறார்களாம்.