சும்மா ஜெயங்கொண்டம் வரை

எங்கள் பெரியப்பா காரணம் இல்லாமல் செருப்பைக்கூட மாட்டமாட்டார். வயலுக்கு, சொசைட்டிக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு என்று அவர் எங்கே கிளம்பினாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எதிரில் வருகிறவர்களிடம் அவர்கள் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை, காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாமல், என்னைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு என் அம்மாவைத் தேடிப் புறப்பட்டார்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். வாலிகண்டபுரத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் அடுத்தடுத்து இருந்தன. அப்பா வாங்கிக் கொடுத்த நீல ஸ்கூட்டியில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், ரேஷன் கடைக்குப் போவாள், மிஞ்சிப்போனால் பெரம்பலூர் மார்க்கெட்டுக்குப் போய் வருவாள். அவ்வளவுதான் அந்த வண்டிக்குத் தெரிந்த உலகம். அன்று காலை இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். சாப்ட்டுட்டு பெரியம்மா வூட்ல இரு” என்றாள். செல்போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

“அம்மா எங்க?”

“ரவுண்டு போயிருக்கு.”

“என்ன ரவுண்டு?”

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. உடனே தன் அண்ணனைக் கூப்பிட்டார். பெரியப்பா மார்க்கெட்டில் விசாரித்தார், அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டார். எங்கும் இல்லை. கணவன் வெளிநாட்டில் இருக்க, போனை வைத்துவிட்டு ஒருத்தி வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் அதற்கு என்னென்ன அர்த்தம் உண்டோ, அத்தனையையும் பெரியம்மா மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னாள். என்னைக் கூட அனுப்பியதும் அவள் யோசனைதான். “இவளப் பாத்தா மனசு எளகிடும். அம்மாவப் பாத்ததும் ஓன்னு அழுவணும், தெரிஞ்சுதா?” என்று சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டினேன்.

பெரம்பலூர் பெட்ரோல் பங்கில் முதல் தகவல் கிடைத்தது. அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்திருந்தது. “எப்பவும் கொஞ்சமாத்தான் போடுவாங்க. இன்னைக்கி ஃபுல் டேங்க் போட்டுட்டு, காத்தும் புடிச்சிட்டு, அரியலூர் ரோட்ல திரும்புனாங்க” என்றாள்.

“கூட யாரு?” என்றார் பெரியப்பா.

“யாரும் இல்லீங்களே.”

பெரியப்பா வண்டியை எடுத்தார். “ஃபுல் டேங்க்கு” என்று அவர் முணுமுணுத்தது காற்றில் பின்னால் வந்து என் காதில் விழுந்தது.

தை மாதம். அறுவடை முடிந்து, அரியலூர் ரோட்டில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் மஞ்சளாய்க் காயப் போட்டு, கல்லை அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் பஸ்களும் லாரிகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. பேரளி தாண்டிச் சோளத்தைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பெரியப்பா வண்டியை நிறுத்தி விசாரித்தார்.

“நீல வண்டிதானே? அந்தக்கா வண்டிய நிறுத்திட்டு எங்கூட சேந்து கொஞ்ச நேரம் சோளத்தத் தள்ளிவுட்டாங்க. எங்கக்கா போறீங்கன்னேன். இன்னும் முடிவு பண்ணலன்னாங்க” என்று சிரித்தாள்.

“அழுதாளா?”

“அழுவுறதா? நீங்க வேற. பாடிக்கிட்டில்ல போனாங்க.”

பெரியப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அழுதுகொண்டு போயிருந்தால் அவருக்கு ஏதாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னும் துல்லியமாகச் சொன்னார். “ஃபேனுக்கு அடியில உக்காந்து வடை சாப்ட்டாங்க. டீ குடிச்சாங்க. அப்பறம் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. ஜெயங்கொண்டம் ரோடு எப்படின்னு கேட்டாங்க. லாரி ஜாஸ்தி, பாத்துப் போங்கன்னேன்.”

பெரியப்பா இங்கேயும் “கூட யாரு?” என்று கேட்டார். யாரும் இல்லை என்ற பிறகும், உள்ளே போய் அந்த மேஜையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. போகிற ஊரில் எல்லாம் என் அம்மாவைத் தெரிந்திருக்கிறதே! ஆண்கள் எத்தனையோ பேர் அதே ரோட்டில் அன்று வண்டியில் போயிருப்பார்கள், அவர்களில் ஒருவரைக்கூட யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அரியலூருக்கு அப்பால் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டின. வி.கைகாட்டி வருவதற்குள் என் கவுனும் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையும் ஒரே நிறமாகிவிட்டன. அதைத் தாண்டி, இரண்டு பக்கமும் முந்திரிக்காடாக இருந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பைக்கின் செயின் அறுந்து தொங்கியது.

பெரியப்பா குத்த வைத்து அதை இழுத்துப் பார்த்தார். கையெல்லாம் கரி. முந்திரி பூத்திருந்த காலம். அந்த வாசனையில் நான் நிழலில் உட்கார்ந்து, அழுவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உடையார்பாளையம் பக்கமிருந்து ஒரு நீல ஸ்கூட்டி வந்தது. எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், பிரேக் பிடித்து, திரும்பியது.

அம்மாவின் முகம் முழுக்கத் தூசி. முடி கலைந்து, மூக்கு கறுத்துப்போயிருந்தது. நான் அழ மறந்து, எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

“இங்க என்ன மாமா பண்றீங்க?” என்றாள் அம்மா.

வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியப்பாவிடம் காரணம் தயாராக இல்லை. “ஒன்னத் தேடித்தாம்மா” என்றார் கடைசியில்.

“நான் வூட்டுக்குத்தானே வந்துக்கிட்டிருக்கேன்.”

“எங்க போன?”

“ஜெயங்கொண்டம் வரைக்கும்.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல மாமா. சும்மா போனேன். ரோடு நல்லா இருந்துச்சு, போயிக்கிட்டே இருந்தேன்.”

மேற்கொண்டு விசாரிக்க அது இடமில்லை. நான் அம்மாவின் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரியப்பா தன் பைக்கில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, அம்மா அதன் பின்பக்க மிதியில் இடது காலை வைத்துத் தள்ளிக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டினாள். அப்படியே உடையார்பாளையம் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்த்தபடி வந்த பெரியப்பா, ரோட்டோரம் நின்றவர்களிடம், “செயின் அறுந்துபோச்சுங்க” என்று அவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கையை நீட்டினார். “சாவியக் குடும்மா.”

அந்தச் சாவி போய்விட்டால் இனி பள்ளிக்கூடத்துக்கு நடைதான்.

“வூடு வரைக்கும் ஓட்டணும்ல மாமா. அங்க வந்து கேளுங்க” என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை, பயமும் இல்லை.

பெரியப்பா கையை மடக்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, “தம்பி போன்ல ஏதாச்சும் சொன்னானா? இல்ல, எங்க வூட்டுக்காரி ஏதாச்சும் சொன்னாளா? கொற இருந்தா எங்கிட்ட சொல்லும்மா” என்று கேட்டார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார்.

“ஒரு கொறையும் இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருந்ததாலதான் போனேன்.”

அம்மா அழுதிருந்தால் பெரியப்பா நியாயம் பேசியிருப்பார். தம்பியைத் திட்டியிருப்பார், பெண்டாட்டியை அடக்கியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கைப் பார்த்து, “சீக்கிரம் மாட்டுப்பா” என்றார்.

திரும்பி வரும்போது அவர் எங்களுக்குப் பின்னால்தான் வந்தார். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “என்ன ஏம்மா கூட்டிக்கிட்டுப் போவல?” என்று கேட்டேன்.

“நீ பெருசானதும் தனியாப் போ. அதான் நல்லா இருக்கும்” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரம்பலூர் வரை பேசவே இல்லை.

வீட்டு வாசலில் பெரியம்மாவோடு தெருவில் பாதி நின்றது. அப்பா மூன்றாவது தடவையாக லைனில் இருந்தார். பெரியப்பா பைக்கை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஒண்ணுமில்ல. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போயிருக்கா. தம்பிக்காக வேண்டுதலாம். சொன்னா பலிக்காதுன்னு யாருகிட்டயும் சொல்லாம போயிட்டா.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. “அடப் பாவி மவளே, இத சொல்லிட்டுப் போறதுக்கென்ன” என்று பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஒருத்தி திருநீறு கேட்டுக் கையைக்கூட நீட்டினாள். பெரியப்பாவின் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அவரை ஒரு பொய்யும் சொல்லாத மனிதர் என்று நினைத்திருந்தேன். எங்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டார், அதுவும் எவ்வளவு அழகாக!

அம்மா குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து நிமிர்ந்தாள்.

“கோயிலுக்கெல்லாம் போவல மாமா. சும்மாதான் போனேன்” என்றாள்.

பெரியம்மாவின் கையிலிருந்த போனில் அப்பா, “ஹலோ, ஹலோ” என்பது மட்டும் கேட்டது. அம்மா போய் அதை வாங்கி, “ம், வந்துட்டேன். இருங்க, சொல்றேன்” என்றபடி வீட்டுக்குள் போனாள். ஸ்கூட்டிச் சாவி அவள் கையிலேயே இருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். கேட்கவில்லை.

அன்று இராத்திரி முழுக்க எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரமாக இருந்தது. பெரியப்பா தாமாகவே ஒரு கோயிலைத் தூக்கிக் கையில் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய ரோட்டில் தனியாக வண்டி ஓட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தக் கோயிலை வாங்கிக்கொண்டிருந்தால், அதற்கப்புறம் வெளியே போக நினைத்த ஒவ்வொரு முறையும் அவள் ஒரு சாமியைத் தேடியிருக்க வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.