வெளியே சொல்லக் கூடாத விஷயம்

சட்டையை நீட்டினால் அவர் உடனே வாங்கிக்கொள்வதில்லை. முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். பிறகு சட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கறையை நகத்தால் லேசாகச் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் விசாரணை. "காபின்னு சொல்றீங்க. காபிக் கறைக்கு ஓரம் இப்படி இருக்காதே. உண்மையைச் சொல்லுங்க சார், நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?" மருந்தோ, பேனா மையோ, வீட்டுக்குத் தெரியக் கூடாத உதட்டுச் சாயமோ, இந்தக் கேள்விக்குப் பிறகு ஆசாமிகள் கக்கிவிடுவார்கள். நானே ஒரு தடவை கக்கியிருக்கிறேன். என்னவென்று இங்கே எழுதுவதாக இல்லை.

அந்தச் சலவைக் கடையில் அவருக்குப் பெயர் கறையக்கா. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ரசீது கிழிப்பார். துணியைத் தொடுகிற வேலையெல்லாம் அக்காவுடையது. கறைகளை அவர் ஆட்களாகத்தான் நடத்துகிறார். மை "இவன்". எண்ணெய் "இவ". துரு மட்டும் "பெரியவர்", லேசில் கிளம்ப மாட்டாராம். பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே, "எழுந்திருடா, போதும் தூங்கினது" என்று மையோடு பேசுவார். தோள்பட்டையில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் குத்தியிருக்கும். சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ளத் தூக்குகிற கை பாதி வழியில் நின்றுவிடும், கையில் எப்போதும் ஏதோ ஒரு நாற்றம் ஒட்டியிருப்பதால்.

வீட்டில் அவர் சித்தி. கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களைவிட ரோட்டில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். அவருடைய முதல் மனைவி இறந்து, இரண்டாம் தாரமாக அக்கா வந்தபோது பையன் இடுப்பு உயரம் இருந்தான். இப்போது அக்காவைக் குனிந்து பார்க்கிறான்; மீசை அரும்பியிருக்கிறது. சித்தி என்ற சொல்லுக்கு நம்மிடையே இருக்கும் கெட்ட பெயர் தெரிந்ததுதான். பிள்ளை இளைத்தால் சோறு போடவில்லை என்பார்கள், பெருத்தால் கண்டதைப் போட்டுக் கெடுத்துவிட்டாள் என்பார்கள். கணவரின் அக்கா, அதாவது பையனின் அத்தை, இதற்கென்றே வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

பையனுக்கு ஆட்டிசம். "சொன்னதைச் சொன்னபடியே எடுத்துப்பான் சார். நமக்குத்தான் ஒண்ணை நினைச்சு ஒண்ணைச் சொல்ற புத்தி" என்றார் அக்கா. ஒரு நாள் கடைக்குப் புறப்படும்போது, "மழை வரும்போல இருக்கு, மாடியில துணி காயுது, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பையன் மாடியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான், துணிகளும் அப்படியே. "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் சித்தி. எல்லாம் நல்லா நனைஞ்சுது" என்றானாம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற முகம் அது.

அவனிடம் ஒளிவுமறைவே கிடையாது. அதுதான் முதலில் தொல்லையாக இருந்தது. பஸ்ஸில், லிஃப்டில், பள்ளிக்கூட வாசலில், உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் உரக்க அறிவிப்பான். தன் உடம்பு என்றில்லை. "சித்திக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது" என்று ஒரு பஸ் முழுவதற்கும் செய்தி வாசித்த அன்று, அக்கா நாலு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். அன்று மாலை அவனை உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்: "கண்ணு, உடம்பு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது." அவனும் ஒப்பித்தான். அடுத்த நாளிலிருந்து மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டுப் பாராட்டினார். அக்கா எங்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்துதான் பையன் மாற ஆரம்பித்தான். குளியலறைக்குள் போனால் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வருவதில்லை. தூங்கும்போதும் காலுறை. தன் காலுறையைத் தானே துவைக்கிறேன் என்றான், யாரையும் தொட விடவில்லை. சாப்பாடு குறைந்தது. கணவருக்குப் போன் போட்டால், "வயசுப் பையன். ஆயிரம் இருக்கும், விடு" என்று வண்டிச் சத்தத்தில் சிரித்தார். அக்கா சிகரெட்டோ என்று சட்டையை மோந்தார். ஏதாவது பெண்ணோ என்று யோசித்து, இருந்தால் நல்லதுதானே என்று தானே சமாதானமும் ஆனார். நுனிக்காலில் நடப்பது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம் என்பதால், அவன் நொண்டியதை யாரும் கவனிக்கவில்லை. காலுறை துவைப்பதை மட்டும் கடையில் வந்து பீற்றிக்கொண்டார். "என் புள்ளை என் தொழிலுக்கே வந்துட்டான் சார்!" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கை கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. போர்வையை உதறப் போனவர் மெத்தைக்கு அடியில் கை வைத்தார். சுருட்டிச் செருகிய காலுறைகள். ஒன்றை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரல் பக்கம் பழுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள் ஓரம். ஊரார் துணியில் மோந்து மோந்து பழகிய அந்த மூக்குக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. ரத்தமும் சீழும். வெந்நீரில் துவைத்திருக்கிறான், அதனால்தான் போகவில்லை. "ரத்தத்து மேல வெந்நீரை ஊத்தினா அது துணியோட குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும் சார். அது எனக்குத் தெரியும். என் வீட்டுலேயே இருந்தது தெரியலை பாருங்க" என்று அன்று நடந்ததைச் சொல்லும்போது, தேய்த்த காலரையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா கண்ணு இது? எங்கே அடி பட்டுது?" என்று கேட்டதற்குப் பையன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். காலைத் தொடப் போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினான். கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தரையில் உட்கார்ந்து கேட்டார்: "எங்கிட்ட கூடச் சொல்ல மாட்டியா?"

பையன் கையை எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னான். "நீ வெளியே."

அக்கா அப்படியே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். "யாரு யாரோ எத்தனையோ பேசியிருக்காங்க சார். அவங்க அத்தை பேசாத பேச்சா? எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கேன். இவன் வாயாலயே வெளியாள்னு கேட்டதும் உடம்புல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு." குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாராம், அழுகைச் சத்தம் அவன் காதில் விழுந்தால் காரணம் கேட்பான் என்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், "சரி, நான் வெளியாளாவே இருந்துட்டுப் போறேன். செருப்பைப் போடு, டாக்டர்கிட்ட போறோம்" என்றார். அந்தத் தெளிவுதான் பையனைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். மனசு ஒடிந்தவர்கள் செருப்பைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை.

டாக்டரம்மா பொறுமைசாலி. காலுறையைக் கழற்றச் சொன்னார், மாட்டேன் என்றான். ஏன் என்றார். "உடம்பு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது." டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சித்தி வெளியாளா?"

பையன் குழம்பிப்போய் இரண்டு பேரையும் பார்த்தான். "சித்தி வெளியேதான் இருக்காங்க. நீங்களும் வெளியே. நாற்காலியும் வெளியே." தன் மார்பைத் தட்டிக் காட்டினான். "உள்ளே நான் மட்டும்தான் இருக்கேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வீட்டுக்கு வெளியே என்று அவர் சொன்னது, தோலுக்கு வெளியே என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த வலியோடு பிள்ளை அவர் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ஆனால் இனிமேல் சொல்லலாம் என்றால் கேட்க வேண்டுமே! ஒரு தடவை கூடாதென்றால் கூடாது, அவனுக்கு. அக்கா யோசித்தார். கறை போகாத துணியை மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதுபோல யோசித்திருப்பார். "சொல்லக் கூடாதுன்னுதானேடா சொன்னேன்? காட்டக் கூடாதுன்னு சொன்னேனா?"

பையன் நெடுநேரம் அதை எடை போட்டான். பிறகு குனிந்து காலுறையைக் கழற்றினான்.

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கி, விரல் பழுத்து, சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, நகத்தை வெட்டி எடுத்தார்கள். இன்னும் தள்ளிப் போயிருந்தால் எலும்பில் இறங்கியிருக்கும், விரலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அத்தை போனில் தன் பங்கைச் செய்தார்: "சொந்தப் பிள்ளையா இருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்." எனக்கு அதைக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும், "கேட்டுட்டு வெச்சிட்டேன் சார். அன்னைக்கு எனக்குப் பிள்ளை பொழைச்சதே பெரிசு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு சட்டத் திருத்தம் நடந்தது. நாங்கள் கடையில் நின்று விழுந்து விழுந்து சிரித்த கதை இது. "என்கிட்ட சொல்லலாம், நான் உனக்கு உள்ளேதான்" என்று அக்கா உருக்கமாக ஆரம்பித்தாராம். "உள்ளே குடல்தான் இருக்கு" என்றான் பையன். உருக்கம் செல்லாது என்று தெரிந்து அக்கா இறங்கி வந்தார். காதில் சொல்லலாம், சித்தி காதில், அப்பா காதில், ஆஸ்பத்திரியில் இருக்கும்போது டாக்டர் காதில். டாக்டரைக் காய்கறிக் கடையில் பார்த்தால்? கூடாது. அப்பா லாரியில் இருந்தால்? போனில், பக்கத்தில் ஆள் இல்லையென்றால். காதில் சொல்வது உள்ளேயா, வெளியேயா? "காதுல ஓட்டை இருக்கு பாரு, அது உள்ளே போகுது." பையன் டார்ச் எடுத்து வந்து அக்காவின் இரண்டு காதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டான்.

இருந்தாலும் அக்காவுக்கு அடிமனத்தில் பயம் போகவில்லை. தலையை ஆட்டிவிட்டான், வலி வந்தால் வருவானா? தினமும் அவன் காலைப் பார்ப்பார், நெற்றியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொள்வார். அவனாக வந்து சொல்லவில்லை. "ஒருவேளை சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையோ என்னமோ" என்று அவரே சொல்லிக்கொள்வார். குரலில் சுரத்து இருக்காது.

போன வாரம் சட்டை வாங்கப் போயிருந்தேன். கடையில் கூட்டம். கோட்டும் கையுமாக ஒரு கனவான், கைக்குழந்தையோடு ஓர் அம்மாள், அலுவலகப் பெண்கள் இரண்டு பேர். பையன் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தான். வரிசையெல்லாம் அவனுக்கில்லை. நேரே மேஜைக்கு முன்னால் வந்து நின்று, இடமும் வலமும் பார்த்தான். சித்தியின் காதைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் சாய்ந்து, இரண்டு கையாலும் வாயைச் சுற்றி மறைத்துக்கொண்டு ரகசியம் சொன்னான். ரகசியத்துக்கு எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"சித்தி, நேத்து வெளிக்குப் போகலை. இன்னைக்கும் போகலை. வயிறு வலிக்குது."

கனவான் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். கல்லாவில் முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அக்கா எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காதோர முடியை ஒதுக்கிக்கொண்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் குனிந்தார்.

"ம்... அப்புறம்?"