வெள்ளாற்றில் விழாத வளையல்கள்

சும்மா இரு மாப்ள. ஒரே கேள்வியை எத்தனை வருஷம் கேட்பாய்? மற்ற தோணித்துறைகளில் வளையல் கதை இல்லையென்றால் அதற்கு நானா பொறுப்பு? "அங்கெல்லாம் பொண்ணுங்க கஞ்சம் மாப்ள" என்று போன வாரம்கூட போனில் சொன்னேன். நீ சிரித்தாய். "ஞாயித்துக்கெழம வரேன். இந்த வாட்டி நெசத்தச் சொல்லணும் மாமா" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை மாப்ள சவரிமுத்து வரவில்லை. கடலூரிலிருந்து அவர் மகள் ஸ்டெல்லாவின் போன்தான் வந்தது. "அப்பா காலையில தவறிட்டாங்க." வழக்கம்போலக் கிண்டலோடுதான் போனை எடுத்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்துப் பிழைகளை அவர்தான் திருத்துவார். இனி நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், சிதம்பரத்தில் பஸ் மாறி வெள்ளாற்றங்கரையில் எங்கள் துறைக்கு வந்தார். தோளில் ஜோல்னாப் பை. "வெள்ளக்காரன் காலத்துல ஆத்தோரத்து ஜனங்க என்னா சாப்ட்டாங்க, எப்படி அக்கரைக்குப் போனாங்க?" என்று கேட்டார்.

"இதுக்குக்கூடவா சம்பளம் தராங்க?" என்றேன்.

"சம்பளம் கோர்ட்டுல எழுதுறதுக்கு மாமா. கலெக்டர் எழுதி வெச்சதெல்லாம் ஆபீஸ்ல கெடைக்குது. தோணிக்காரன் ஒண்ணும் எழுதி வெக்கலையே."

அந்தத் தோணிக்காரர் என் அப்பா. சிறுவயதில் நானும் அதில் தண்ணீர் இறைத்திருக்கிறேன்.

தோணியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டார். "தெனமும் பிரியாணி" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தால் பக்கத்திலேயே 'மாமா சிரிக்கிறார்' என்று எழுதியிருந்தார். என் பொய்களை எல்லாம் அப்படித்தான் பிடித்தார். நோட்டு முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு நாள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "எங்க தாத்தாவோட அம்மா கல்யாணம் ஆகி இந்தத் துறையிலதான் வந்தாங்களாம். எங்க ஆளுங்கள தோணியில எந்த எடத்துல ஒக்கார வெப்பாங்க மாமா?"

எங்கும் உட்கார வைக்கவில்லை. தோணிக்குப் பின்னால் ஒரு கயிறு தொங்கும். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் வர வேண்டும். கல்யாணப் பெண்ணானாலும், பிள்ளைத்தாய்ச்சியானாலும் அப்படித்தான். யார் கையாவது பலகையில் பட்டால் அப்பா கழியால் அடிப்பார். நான் தோணிக்குள் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். "நடுவுல ஒக்கார வெப்பாங்க மாப்ள. நட்டாத்துல பொண்ணு ஒரு வளையலக் கழட்டித் தண்ணியில போடும். அது வழக்கம்" என்றேன்.

நான் சிரிக்கவில்லை. அதனால் நம்பிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுதினார். பிறகு போன இடமெல்லாம் அதைச் சொன்னார். மற்ற துறைகளில் யாரும் கேள்விப்படவில்லை என்றதும் என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். ஏழு வருஷத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. எல்லாவற்றையும் சிரித்தே கழித்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஸ்டெல்லா துறைக்கு வந்தாள். நோட்டை என்னிடம் கொடுத்தாள். அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வளையல் எழுதிய பக்கத்தில் மட்டும் 'மாமா சிரிக்கிறார்' இல்லை. அதை எழுத வேண்டியவர் போய்விட்டார்.

ஆற்றில் போட, அவள் தன் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றினாள்.

"இரும்மா. அந்த வளையல் சமாச்சாரம் அப்படி இல்ல."

"தெரியும் தாத்தா. அப்பா நூறு வாட்டி சொல்லியிருக்காங்க."

"இல்லம்மா, எங்கப்பா தோணியில ஒரு கயிறு..."

அவள் செருப்பைக் கரையில் விட்டு இறங்கி நடந்தாள். நான் கயிறு என்றபோது முழங்கால் அளவு தண்ணீரில் இருந்தாள்.