இறங்கிப் பார்க்கிற கார்டம்மா

கார்டம்மாவைப் போல ஒரு பிடிவாதக்காரி அந்த ரயில் பாதையிலேயே கிடையாது என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட வளைவு ஸ்டேஷனில் கடைசிப் பெட்டியின் கேபினுக்குள் நின்று வெளியே எட்டிப் பார்த்தவர் இல்லை. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

பெருநகரத்தின் ஒரு நுனியில் கிளம்பி மறுநுனியில் போய் முட்டி நிற்கிற புறநகர் ரயில் அது. இருபத்தாறு ஸ்டேஷன், பன்னிரண்டு பெட்டி. முன்னால் டிரைவர், பின்னால் கார்டு. நடுவில், காலை நேரமென்றால், தங்கள் கை எங்கே கால் எங்கே என்று தெரியாமல் நெருக்கியடித்து நிற்கிற இரண்டாயிரம் பேர். கதவுகளை மூடுகிற பொத்தான் கார்டிடம் இருக்கிறது. எல்லாக் கதவும் மூடியதும் கேபினில் ஒரு பச்சை விளக்கு எரியும். பிறகு மணிப் பொத்தானை இரண்டு தட்டு தட்டினால் டிரைவர் வண்டியை எடுப்பார், ஒரு தட்டு தட்டினால் நிறுத்துவார். கேட்பதற்கு எளிதான வேலைதான். கார்டம்மா அதைப் பதினான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

தகராறெல்லாம் வளைவு ஸ்டேஷனில்தான். அங்கே தண்டவாளம் வளைகிற இடத்தில், வெளிப்பக்கமாகப் பிளாட்பாரத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். யார் கட்டினார்களோ, அவர்கள் ரயிலில் போகிறவர்களாக இருந்திருக்க முடியாது. வண்டி அங்கே நின்றால் வயிற்றைப் பிளாட்பாரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். தொப்பைக்காரருக்குத் தன் கால்விரல் தெரியாது அல்லவா, அந்த மாதிரி, கேபினிலிருந்து எட்டிப் பார்த்தால் நாலு பெட்டிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மீதி எட்டுப் பெட்டிகளில் யார் ஏறினார்கள், யார் மாட்டிக்கொண்டார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் கீழே இறங்கி, சுவரோரம் வரை ஏழு தப்படி நடந்தால் வண்டி முழுதும் தெரியும். கார்டம்மா கதவுகளை மூடிவிட்டு இறங்குவாள், ஏழு தப்படி நடப்பாள், தலையிலிருந்து வால் வரை ஒரு பார்வை பார்ப்பாள், திரும்ப ஏறி மணியடிப்பாள். மற்ற கார்டுகள் பச்சை விளக்கைப் பார்த்தே மணியடித்துவிடுவார்கள். அவர்கள் அவளுக்கு 'பைனாகுலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவளும் ஒரு காலத்தில் விளக்கைப் பார்த்து மணியடித்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், இதே வளைவில், பச்சை எரிந்தது என்று இரண்டு தட்டு தட்டினாள். ஏழாவது பெட்டியில் ஒரு பெண்ணின் கைப்பை வார் கதவு இடுக்கில் மாட்டியிருந்தது. மெல்லிய வார் என்பதால் கதவுக்கும் தெரியவில்லை, விளக்குக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு அவள் ஒரு தட்டு தட்டி நிறுத்துவதற்குள் வண்டி அந்தப் பெண்ணை ஆறேழு அடி இழுத்துவிட்டது. முழங்கால் தோல் உரிந்து, ஒரு செருப்பு தண்டவாளத்துக்குள் போய்விட்டது. அந்தப் பெண் அழவில்லை. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே கடைசிப் பெட்டி வரை வந்தாள். "ஏம்மா, கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாத்துட்டு அடிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கார்டம்மாவுக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம்தான். அதற்காக ஆபீசில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது தனி வேடிக்கை. கடைசி ஸ்டேஷனுக்கு வண்டி குறித்த நேரத்துக்குப் போய்விட்டதே!

மறுநாளிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். பதினான்கு வருஷமாக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் புதிய கால அட்டவணை வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கிற நேரத்தை நாற்பது செகண்டிலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தார்கள். அதோடு மெமோக்களும் வர ஆரம்பித்தன. வளைவில் இருபது செகண்ட் தாமதம், காரணம் எழுதுக என்று கேட்டிருக்கும். காரணத்துக்குக் கீழே அச்சடித்த பட்டியல் ஒன்று உண்டு: சிக்னல், கூட்டம், இயந்திரக் கோளாறு, இதர. கார்டம்மா 'இதர'வில் டிக் போட்டு, எதிரே 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள். பதினோரு மெமோவுக்கும் அதே வார்த்தைதான்.

பன்னிரண்டாவதாக ஓர் உறுதிமொழித் தாள் வந்தது. 'எந்த ஸ்டேஷனிலும் கேபினை விட்டு இறங்காமல் வண்டியைக் கிளப்புவேன்' என்று டைப் அடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால், பெட்டிகளைக் கழுவி நிறுத்துகிற யார்டு ஆபீசுக்கு மாற்றம், வண்டியில் ஏறவே முடியாது.

அவள் புருஷன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். சண்டை போடத் தெரியாத மனிதர். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டு, உன் இஷ்டத்துக்கு இறங்கிக்கயேன்."

"இறங்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு இறங்கவா?"

"அப்ப இறங்காதே. மத்தவங்களும் அப்படித்தானே ஓட்டறாங்க?"

"நீங்க மாத்திரை குடுக்கும்போது அட்டையைத் திருப்பிப் பேரைப் பாக்காமலா குடுக்கறீங்க?"

அவர் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தார். இன்னொரு தட்டையும் துடைத்தார். "யார்டுல வெயில் அதிகம்னு சொல்வாங்க. குடை எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான், அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்தக் கேபின் அவளுக்கு உயிர். ஆளுயர ஜன்னல், பாதி கிழிந்த சுழல் நாற்காலி, பின்னால் விரிந்துகொண்டே போகிற தண்டவாளம். அதை விட்டுவிட்டு யார்டில் போய்க் கழுவின பெட்டிகளுக்கு டிக் போடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இருந்தும் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாளே தவிர, பேனாவைத் தொடவில்லை.

ஏழாம் நாள் காலையில், கால அட்டவணை அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். செகண்டைக் குறைத்தவரும் தாளை அடிக்கச் சொன்னவரும் அவர்தான். நாற்பதைத் தாண்டாத வயசு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கேபினுக்குள் ஏறி, போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா மேடம்?"

"இல்ல சார்."

"சரி, இன்னைக்கு நானே பக்கத்துல இருக்கேன். எங்க இடிக்குதுன்னு பாத்துடலாம்."

"பாருங்க சார். பாக்கணும்னுதான் நானும் சொல்றேன்."

எட்டு ஸ்டேஷன் வரை ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது வளைவு. கூட்டம் முண்டியடித்து ஏறியது. கார்டம்மா பொத்தானை அழுத்தினாள், கதவுகள் மூடின, பச்சை எரிந்தது. அவள் இறங்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"என்ன மேடம், அடிங்க."

"நீங்க அடிங்க சார்."

"நானா?"

"விளக்கு போதும்னு எழுதினது நீங்கதானே. விளக்கு எரியுது. ரெண்டு தட்டு. நீங்களும் கார்டு பரீட்சை எழுதி வந்தவர்தானே."

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பொத்தான் மேல் விரலை வைத்தார். வைத்தவர், பழக்கமோ பயமோ, ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தார். நாலு பெட்டி தெரிந்தது. அதற்கு மேல் வண்டியின் வயிறுதான் தெரிந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் அந்த வளைவுக்கு அப்பாலிருந்து கேட்டது. சாதாரணமாகக் கூப்பிடுகிறார்களா, அலறுகிறார்களா என்று புரியவில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது, ஆனால் அழுத்தவில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று ஸ்பீக்கரில் டிரைவர் கேட்டார்.

"சார் அடிப்பாரு, இருங்க" என்றாள் கார்டம்மா.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. விரலை எடுத்தார். கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு தப்படி வைத்துப் பார்த்தார், போதவில்லை. இன்னும் மூன்று வைத்தார். கடைசியில் முதுகு சுவரில் இடிக்கிற வரை போய், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். பிறகு ஓடி வந்து ஏறி, இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது.

"என்ன சார் தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல" என்றார் மூச்சிரைக்க.

"அந்த ஒண்ணுமில்லைங்கறதைத் தெரிஞ்சுக்கத்தான் சார், நான் தினமும் இறங்கறேன்."

அவர் போனில் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். முப்பத்தொரு செகண்ட் தாமதம், கார்டம்மாவைவிட அதிகம். அவருக்கு நடந்து பழக்கமில்லை, பாவம். கடைசி ஸ்டேஷனில் இறங்கும்போது அவள் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், இன்னைக்கு நடந்தது நமக்குள்ளேயே இருக்கட்டும். நீங்களும் கையெழுத்தைப் போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

"நமக்குள்ளேயே இருக்கறதுக்கு இது என்ன குடும்ப விஷயமா சார்? ரெண்டாயிரம் பேரு வண்டியில இருந்தாங்க."

"அப்ப நாளைலேர்ந்து யார்டு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"என்னை யார்டுக்கு அனுப்பிடலாம் சார். அந்த வளைவை எந்த யார்டுக்கு அனுப்புவீங்க?"

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனாள். அன்றைக்கு மட்டும், யாரும் இல்லாத கழிப்பறையில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைக் கேட்டாள். கழுவின பெட்டிகளின் பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்து நிமிஷத்தில் அறுபது பெட்டிக்கு டிக் போட்டுவிடுவாராம். கார்டம்மா ஒவ்வொரு பெட்டியிலும் ஏறினாள், சீட்டுக்கு அடியில் குனிந்தாள், பதினேழு பெட்டிகளுக்கு டிக் போட மறுத்தாள். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. கழுவுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். யார்டு மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாம் நாளே, இந்த அம்மாளை எங்கிருந்து அனுப்பினீர்களோ அங்கேயே அழைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே கடிதம் போட்டுவிட்டார்.

அதற்குள் பாதையிலும் கதை மாறியிருந்தது. அதிகாரி வந்த அன்றைக்கு டிரைவரின் ஸ்பீக்கர் கடைசி வரை திறந்தே இருந்திருக்கிறது. அவர் கேட்டதை ஒருத்தருக்குச் சொன்னார், அவர் பத்துப் பேருக்குச் சொன்னார். பைனாகுலர் என்று கேலி பேசிய கார்டுகள் ஒருவர் பின் ஒருவராக வளைவில் இறங்க ஆரம்பித்தார்கள். மெமோ வந்தபோது, 'அதிகாரியே இறங்கினாரு, நாங்க மட்டும் என்ன?' என்று கேட்டார்கள். எல்லாரையும் யார்டுக்கு அனுப்பிவிட்டால் வண்டியை யார் கிளப்புவது? அதிகாரி மென்று விழுங்கினார். பத்தாம் நாள் கார்டம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஆபீசில் கிளார்க் அவளுடைய ஃபைலை விரித்து வைத்திருந்தார். உள்ளே அதே உறுதிமொழித் தாளின் புதுப் பிரதி ஒன்று, அதே கோட்டோடு.

"இது சும்மா சம்பிரதாயத்துக்கும்மா. நீங்க இறங்குங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இதுல ஒரு கையெழுத்து விழுந்தாத்தான் ஃபைலை மூட முடியும். மேலேர்ந்து கேக்கறாங்க."

கார்டம்மா தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் கேபின் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஃபைலு திறந்தே இருக்கட்டும் சார். காத்தாவது வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஏழு நாற்பத்திரண்டு வண்டிக்கு நடந்தாள்.