தட்டாத எஞ்சின்

ஒர்க்‌ஷாப்பில் அவளை டைமிங் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி. டர்போ எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி வரும்போது எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்று லேப்டாப்பில் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். போன வருஷம்வரை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. தம்பியின் பந்தயக் கார், பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து நின்ற பிறகு, “அவ கைபட்டா எஞ்சின் போயிடும்” என்று பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல, வாசல் வெறிச்சோடியது. உடைந்த வண்டியில் இருந்தது அவள் போட்ட டைமிங்தான். திரும்பத் திரும்பப் பார்த்தாள். எங்கே பிசகியது என்று தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இன்று புது எஞ்சின், எரிபொருள் அதே எத்தனால். கார் நின்ற இடத்திலேயே சோதனை ரோலர்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தம்பி கத்தினான்.

“பொறிய இன்னும் ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளுக்கா!”

“தள்ளிட்டேன். பவர் ஏறல, பாரு.”

“எஞ்சினுக்குள்ள தட்டுற சத்தமே இல்லையே! பெட்ரோலா இருந்தா இந்நேரம் கடகடன்னு தட்டியிருக்கும். இது எவ்வளவு சமத்தா இருக்கு!”

“சமத்தா இருக்குன்னு தலைமேல ஏத்துவியா? எத்தனால் உள்ள போறப்பவே குளிர வெச்சுடும், லேசுல தட்டாது. ஆனா பொறி ரொம்ப முந்துனா, ஏறி வர்ற பிஸ்டன நெருப்பு கீழ தள்ளும். மாடிப்படி ஏறுறவன் நெஞ்சுல கைவெச்சுத் தள்ற மாதிரி. நடுவுல ராடுதான் வளையும்.”

“பயந்தாங்கொள்ளிக்கா நீ. போன எஞ்சின்ல நானே நாலு டிகிரி ஏத்தி ஓட்டினேன். அப்பக்கூட ஒரு தட்டு தட்டல!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“உடைஞ்சதும் என் டைமிங் ஃபைலத் திரும்பப் போட்டு வெச்சுட்டியா?”

அவன் குனிந்து பெடலைப் பார்த்தான்.

“விடுக்கா, யாருக்குத்தான் தப்பு வராது” என்று அன்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தவன் இவன்தான். என்ன ஒரு பெருந்தன்மை! நினைத்ததும் உச்சந்தலைவரை எரிந்தது அவளுக்கு.

“நீ ஏத்தினதக்கூட விட்டுடுவேன்டா. எனக்கே ஆறுதல் சொன்ன பாரு!”

“டீம்லேர்ந்து தூக்கிடுவாங்களோன்னு பயந்துட்டேன்க்கா…”

“பயந்தாங்கொள்ளி நானு, இல்ல?”

“ஞாயித்துக்கிழமை ரேஸ் முடியட்டும். நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

அவள் லேத்துக்காரரின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனைக் கார் ஜன்னல் வழியாக அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அண்ணே… அந்தப் பழைய எஞ்சின்… அது வந்து…” என்று மென்று விழுங்கினான் அவன்.

“என்னப்பா? லேத்து ஓடுது, ஒண்ணும் கேக்கல!”

“லேத்த நிறுத்துங்கண்ணே,” என்றாள் அவள். “கடையில இருக்கிறவங்க எல்லாரையும் பக்கத்துல வரச் சொல்லுங்க.”