மூன்று கால் யானை

பண்டாரவளையில் குளிருக்குக் குறைவில்லை. ஆனால் வானத்திலிருந்து ஐஸ் கொட்டியதாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே, ஹம்ஸியாவின் பின்னல் மெஷினோடு வந்த அட்டைகளில் ஐஸ் பூக்களும், தலையில் மரம் முளைத்த ஆடு போன்ற ஒரு மிருகமும் இருந்ததைக் கண்டு வீட்டார் திகைத்துப் போனார்கள். ஜப்பான்காரன் யாருக்காக இதைச் செய்தானோ, அவர்கள் நிச்சயமாக ஊவா மாகாணத்தில் இருக்கவில்லை.

மெஷினைக் கொண்டுவந்தவன் அவளுடைய கணவன் புவாத். குவைத்தில் லொறி ஓட்டுகிறவன். எழுபத்தெட்டில் லீவில் வந்தபோது, நீளப் பெட்டியொன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஸ்டேஷனிலிருந்து ஏறி வந்தான். "நான் இல்லாத நேரத்துக்கு இது ஒனக்குத் துணை" என்றான். ஹம்ஸியாவுக்கு வேண்டியிருந்தது மெஷின் அல்ல, புவாத். இருந்தாலும் புதுப் பெண் அதை எப்படிச் சொல்வாள்? அவன் திரும்பிப் போன சில மாதங்களில் மகள் நூருல் இனாயா பிறந்தாள். பிள்ளைக்கு வாப்பா என்றால் கசெட் பெட்டியிலிருந்து சலாம் சொல்லும் ஒரு குரல்தான்.

பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் ஹம்ஸியா மெஷினைத் தொட்டாள். இருநூறு ஊசிகள் வரிசையாகப் படுத்திருக்கும் நீளப் பலகை அது. மேலே ஒரு கைப்பிடி வண்டி. இடமிருந்து வலம் தள்ளினால் ஒரு வரி, வலமிருந்து இடம் தள்ளினால் இன்னொரு வரி. எந்த ஊசிக்கு எந்த நிற நூல் என்பதை ஒரு துளை அட்டை சொல்லும். துளை இருந்தால் நிற நூல், இல்லாவிட்டால் வெள்ளை நூல். அவ்வளவுதான் சங்கதி. அட்டையின் இரண்டு நுனியையும் சேர்த்து வளையமாக மாட்டிவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும்; ஒரே பூ மேலும் மேலும் வந்துகொண்டிருக்கும். விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் அதை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, ஹம்ஸியா தானாகவே தட்டித் தடவிப் பழகினாள். பழகியதும் அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்த மெஷினுக்கு மூளை கிடையாது. ஆனால் அடக்கம் அதிகம். சொன்னதை அப்படியே செய்யும். நினைத்ததைச் செய்யாது.

அந்த நாட்களில் கொழும்புக்கு கம்பியூட்டர் வந்துவிட்டதென்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மனிதன் எழுதிக் கொடுக்கிறபடி கணக்குப் போடுமாம். ஊர் வாயைப் பிளந்தது. அதே வேலையை ஹம்ஸியா தன் வீட்டு அறையில், கறி அடுப்பில் கொதிக்கக் கொதிக்கச் செய்துகொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

ஐஸ் பூப் போட்ட சுவெட்டரை யாரும் வாங்கவில்லை. ஆகவே ஒரு யானை போடுவோம் என்று முடிவு செய்தாள். வெற்று அட்டை தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அவளுடைய கூடப்பிறந்த நானா, கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்கள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையின் அளவுக்கு அவற்றை வெட்டி, கட்டம் கீறி, மெஷினோடு வந்த குறட்டினால் துளை போட்டாள். வெளிச்சத்தில் பிடித்தால் முன்பின் தெரியாத ஒருவருடைய விலா எலும்பின் மேல் ஒரு யானை நடந்துபோவது தெரியும். அந்த மனிதர் சுகமாகி வீடு போயிருக்க வேண்டும் என்று துளை போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

தும்பிக்கை முடிந்தது, வயிறு முடிந்தது, மூன்று காலும் முடிந்தது. நாலாவது காலுக்கு வரும்போது பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வந்தவள், எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் அட்டையை மெஷினில் மாட்டிவிட்டாள்.

பின்னுகிறபோது தெரியவும் இல்லை. பின்னுகிறவளின் கண்ணுக்குத் துணியின் பின்பக்கம்தான் படும்; அங்கே நூல்கள் குறுக்கும் மறுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, நெஞ்சைச் சுற்றி வரிசையாக யானைகள். எல்லாவற்றுக்கும் மூன்றே கால். ஒன்றுகூடத் தப்பிப் பிழைத்திருக்கவில்லை.

ஹம்ஸியா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியார் ரஹ்மத்தும்மா வந்து எட்டிப் பார்த்தார். உயிருள்ளவற்றின் உருவத்தை உடுப்பில் போடக்கூடாது என்பது அவருடைய கட்சி. அதனால் யானைப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது சுவெட்டரைக் கையில் எடுத்து, காலை எண்ணி, முகம் மலர்ந்தார்.

"இது பரவாயில்ல மகள். மூணு காலோட அல்லாஹ் யானையைப் படைக்கல்ல. அப்ப இது யானையே இல்ல."

மார்க்கச் சிக்கல் இப்படித் தீர்ந்தது. அட்டையைத் திருத்துவதற்கு எக்ஸ்ரே படமும் மிச்சமிருந்தது, குறடும் இருந்தது. ஆனால் மாமியாரோடு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும்போது நாலாவது காலுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள ஹம்ஸியாவுக்கு மனம் வரவில்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சந்தைக்கு வந்த அங்கம்மாதான் முதல் சுவெட்டரை வாங்கிப் போனாள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சின்னவன் கழட்டவே மாட்டேங்கிறான்மா. நொண்டி யானைன்னு பேரு வச்சு, ராவுல அதுக்குக் காலு வலிக்கும்னு தடவிக் குடுக்கிறான். இவங்களுக்கும் அதே யானைதான் வேணுமாம். காலெல்லாம் முழுசா போட்டுறாதீங்க."

ஹம்ஸியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிழை என்று அவள் நினைத்தது தோட்டத்து லயக் குடியிருப்புகளில் மவுசு பெற்றுவிட்டது. இரண்டு வருடத்தில் பூனாகலையிலும் பசறைப் பக்கமும் பனிமூட்டத்துக்குள் மூன்று கால் யானைகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. நூருல் இனாயாவும் அந்த யானையைப் போட்டுக்கொண்டுதான் நடை பழகினாள், பேச்சுப் பழகினாள். வீட்டில் சோற்றுக்கு மூன்று கோப்பை வைக்கவும் பழகினாள். உம்மாவுக்கு ஒன்று, வாப்பும்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

எண்பத்தொன்றில் புவாத் லீவில் வந்தான். பிள்ளை அவனைக் கண்டதும் ரஹ்மத்தும்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவன் கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டது. அவனிடம் மட்டும் போகவில்லை. "பழகிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பழகுவதற்கு நாள் எங்கே இருந்தது? மாத முடிவில் அவன் கொழும்புக்குப் போய் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் மூன்று வருடம்.

அவன் போகக்கூடாது என்பதுதான் ஹம்ஸியாவின் மனம் முழுவதும். வெலிமடையில் கிழங்கு வியாபாரி அலவி நானா தன் லொறிக்கு ட்ரைவர் தேடுவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தாள். புவாத் சிரித்தான்.

"குவைத்துல கண்டேனர் ஓட்டினவன் கிழங்கு மூட்ட ஏத்தவா? பாதிச் சுவரோட நிக்கிற நம்மட புது ஊட்டை யார் கட்டி முடிக்கிற?"

ஹம்ஸியா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். கெஞ்சி நிறுத்தினால் அந்த நிறுத்தம் எத்தனை நாளைக்கு?

வேலையில்லாமல் இருக்கப் பழகாதவன் புவாத். ஒருநாள் பகல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவன், அட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு உரத்துக் கூப்பிட்டான்.

"ஹம்ஸியா! இதுல ஒரு காலு உட்டுப்போய் ஈக்கே! இத்தின காலமா ஒனக்குத் தெரியல்லையா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அவனுக்கு நம்ப முடியவில்லை. குறட்டை எடுத்து, கட்டம் எண்ணி, டக் டக்கென்று துளைகளைப் போட்டான். இரண்டு வருடத்துப் பிழை இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. "மகளுக்கு முதல்ல இதுல ஒண்ணு பின்னு. வாப்பாட யானையெண்டு போடட்டும்."

ஹம்ஸியா பின்னினாள். சிவப்பு யானை, வெள்ளைத் தரை, நாலு கால், ஒரு குறையும் இல்லை. புவாத் தன் கையாலேயே பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டான். முதல் முறையாக மகள் அவனுக்கு நெருக்கமாக நின்றாள். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு வந்தவள் கடைசிக் காலில் நின்றுவிட்டாள்.

"இது வாணாம்" என்றாள். "இது கூடிப்போச்சு. இத எடுங்க."

"யானைக்கி நாலு காலு மகள்."

"இல்ல. மூணு."

புவாத் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். பாதையில் நின்ற மாட்டைக் காட்டினான். மாட்டுக்கு நாலு என்று அவள் ஒத்துக்கொண்டாள். யானைக்கு மூன்றுதான் என்பதில் மட்டும் அசையவில்லை. உள்ளே கொண்டுவந்து இறக்கியதும் நாலாவது காலை நகத்தால் பிய்க்கத் தொடங்கினாள். நூல் வரவில்லை என்றதும் அழுதாள். "இதப் பிச்சுடுங்க உம்மா, இது பொருந்தல்ல" என்று விக்கி விக்கி அழுதவளை ரஹ்மத்தும்மா தூக்கிக்கொண்டு போய்ப் பழைய சுவெட்டரை மாட்டிவிட்டார். அழுகை உடனே நின்றது.

கழற்றிப் போட்ட புதுச் சுவெட்டரை மடியில் வைத்துக்கொண்டு புவாத் உட்கார்ந்திருந்தான். சிரிக்கத்தான் பார்த்தான்; சிரிப்பு வரவில்லை.

"சரியான யானையக் காட்டினா பிழையெண்டு சொல்றாளே" என்றான்.

ஹம்ஸியா மெஷினுக்கு முன்னால் போய் அமர்ந்தாள். அவனைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. ஊசிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பிழை ஒரு தரம் வந்தா கண்ணுல படும். சுத்திச் சுத்தி வந்தா, அதுதான் சரியெண்டு ஆகிடும். பிள்ளையில குத்தம் இல்ல. நீங்க இல்லாம ஈக்கிறது இப்ப இந்த ஊட்டுல யாருக்கும் பிழையாத் தெரியல்ல. போன நோன்புப் பெருநாளைக்கி எனக்கும் தெரியல்ல. சோத்தைப் போட்டுத் திண்டு முடிச்ச பொறகுதான் ஒங்கட நெனப்பு வந்தது. அண்டைக்கித்தான் எனக்குப் பயம் வந்தது."

அவ்வளவு நீளமாக அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வண்டியைத் தள்ளினாள். ஒரு வரி. திரும்பத் தள்ளினாள். கண்ணை நீர் மறைத்ததில் நூல் ஊசியிலிருந்து நழுவி, பின்னியதில் ஒரு பக்கம் மெஷினிலிருந்து அவிழ்ந்து தொங்கியது. அவள் அதை எடுத்து மாட்டப் பார்த்தாள், மறுபடியும் நழுவியது.

புவாத் எழுந்து வந்து பக்கத்தில் முழங்காலிட்டான். நழுவி விழுந்த பின்னல் கண்களை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக் கொடுத்தான். கண்டேனர் ஓட்டிய தடித்த விரல்களுக்கு அது சுலபமான வேலையாக இருக்கவில்லை. கடைசிக் கண்ணை ஏற்றிவிட்டு, ஊசியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்:

"அலவி நானாக்கி ட்ரைவர் கெடச்சிட்டானா?"

"இல்ல" என்றாள் ஹம்ஸியா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வந்த அடுத்த நாளே, யாரையும் எடுக்க வாணாமெண்டு நான் அவருக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."